ஒன்றரைத் துப்பாக்கி

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் குழலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிங்க."

அத்தை மரியாதையைக் கூட்டினால் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு இது தெரியாது. "நீங்க முதல்ல போங்க மாப்பிள்ளை" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் உச்சி குளிர்ந்து போவான். அப்படி முதலில் போன ஒரு வீட்டில் நாய் இருந்தது. இன்னொரு வீட்டில் கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருத்தன் இருந்தான்.

அத்தை பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களை மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை, "சும்மா ஒரு மாசம் கூட வாங்களேன்" என்று கூப்பிட்டார். அந்த மாசம் இன்னும் முடியவில்லை.

இப்போது அவன் கையில் இருந்தது ஓர் ஆளைக் கொன்ற துப்பாக்கியின் இரட்டைக் குழல். போன வாரம் இதே அறையில், இதே மேஜைக்குக் கீழே, பழைய துப்பாக்கிகள் சேர்ப்பதையே உயிராக நினைத்த கேப்டன் நெஞ்சில் சுடப்பட்டுக் கிடந்தார். துடைக்கும்போது வெடித்துவிட்டது, விபத்து என்று சொல்லி போலீஸ் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தரைவிரிப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் தரையில் ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டான்.

"அப்பா துப்பாக்கியைத் தொட்டா முதல்ல திறந்து குழலைத்தான் பார்ப்பார்" என்றாள் கேப்டனின் மகள். பல் டாக்டர். அத்தையைக் கூப்பிட்டது அவள்தான். "நான் பேஷண்ட் வாயைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மூலையா பார்ப்பார். தோட்டா உள்ள இருக்கறது தெரியாம துடைச்சார்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

அவள் கணவர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுப்பவர். நல்ல மனிதர். வந்ததிலிருந்து மாப்பிள்ளைக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தது அவர் ஒருத்தர்தான்.

அத்தை துப்பாக்கியை மூன்று பாகமாகப் பிரித்து மேஜையில் வைத்திருந்தார். ஒன்று குழல். இன்னொன்று தோளில் சாய்க்கும் பின்கட்டையும் அதோடு சேர்ந்த விசையும். மூன்றாவது, குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டை, சாண் நீளம்கூட இல்லாத மரத்துண்டு. பூதக்கண்ணாடியைக் குழலின் அடிப்பக்கம் வைத்தார்.

"நாலாயிரத்து நூத்தி ஐம்பத்திரண்டு. விசைப் பக்கம் பாருங்க மாப்பிள்ளை."

"ஐம்பத்திரண்டு."

"முன்கட்டைக்குள்ள இருக்கிற இரும்புல?"

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கினான். தூசியை ஊதினான். "ஐம்பத்தொண்ணு. எழுத்து தேஞ்சிருக்குமோ?"

"ரெண்டு தேஞ்சா ஒண்ணு ஆகாது." அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "அந்தக் காலத்துல ஒரு துப்பாக்கியோட மூணு பாகத்தையும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தற மாதிரி கையாலயே அரம் போட்டு ராவுவாங்க. விளக்குக் கரியைத் தடவி மாட்டிப் பார்ப்பாங்க. எங்க கரி ஒட்டுதோ அங்க ராவுவாங்க. அப்புறம் மூணுலயும் ஒரே நம்பரை அடிப்பாங்க. ஒரு துப்பாக்கிக் கட்டை இன்னொண்ணுல சரியா உட்காராது."

"ஆக, இது ஒன்றரைத் துப்பாக்கி" என்றான் மாப்பிள்ளை. பயந்தால் அவனுக்கு வாய் தானாக ஓடும்.

"இல்ல. ரெண்டு துப்பாக்கி." அத்தை குழலின் மேல்பக்கத்தைக் காட்டினார். தங்கத்தில் '2' என்று சின்னதாகப் பதித்திருந்தது. "பணக்காரங்க ஜோடியா செய்யச் சொல்லுவாங்க. ஒண்ணால சுடும்போது ஆள் இன்னொண்ணுல தோட்டா போட்டுக் கொடுப்பான். ரெண்டுக்கும் அடுத்தடுத்த நம்பர். இது ரெண்டாவது. இதோட ஜோடி அன்னைக்கு இந்த மேஜை மேல இருந்திருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் போட்டு நம்பரைப் பார்த்திருக்காங்க. திரும்ப மாட்டினவன் அவசரத்துல முன்கட்டையை மாத்திட்டான். உங்கப்பா கை அந்தத் தப்பைப் பண்ணியிருக்குமா?"

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூடப் பண்ணாது" என்றாள் மகள்.

"அப்ப இதை மாட்டினது உங்கப்பா இல்ல. துடைக்கும்போது வெடிக்கவும் இல்ல."

கணவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. "மன்னிச்சுக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

மாப்பிள்ளையின் வாய் மறுபடி ஓடியது: "நாலாயிரம் துப்பாக்கி பண்ணியிருக்காங்களா? பெரிய கம்பெனிதான்."

"பெரிய வாய். முதல் துப்பாக்கிக்கே மூவாயிரம்னு நம்பர் போட்டாங்க. முதல்ல வாங்கறவனுக்கு நாமதான் முதல் ஆளுன்னு தெரிஞ்சா வாங்குவானா?"

"நம்ம ஆபீஸ்லயும் முதல் கேஸுக்கே இருநூத்திப் பதினாலுன்னுதானே போட்டோம்?"

"அது வேற" என்றார் அத்தை.

பல் டாக்டர் லேசாகச் சிரித்தாள். "அப்பாவும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவரோட துப்பாக்கி ரிப்பேர்க்காரர்தான். பழைய துப்பாக்கிக்கு இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான்." சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். போலீஸ்கிட்ட சொல்லலை. இவர்கிட்டகூடச் சொல்லலை. அன்னைக்குச் சாயந்தரம் அப்பா போன் பண்ணார். ஒரே சந்தோஷம். 'அண்ணன் வீட்டுக்கு வர்றான்டா'ன்னார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்னு பல வருஷம் ஆச்சு. சொத்துத் தகராறு. ஒருதடவை கைகலப்புகூட ஆயிருக்கு. அன்னைக்கு ராத்திரிதான் அப்பா..." அவள் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன. "ஒரு வாரமா தூக்கம் இல்ல. அப்பாவையும் இழந்துட்டு, பெரியப்பாவையும் நானே காட்டிக் கொடுக்கறதா? சொல்லாம இருக்கறதா?"

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா இந்தத் துப்பாக்கியை என்னன்னு சொல்வார்? பேர் ஏதாவது வச்சிருந்தாரா?"

"பேரா? 'தம்பி'ம்பார். தம்பிக்கு எண்ணெய் போட்டியா, தம்பியை எடுத்து உள்ள வைன்னு..."

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அதேதான்" என்றார் அத்தை. "இது ரெண்டாம் நம்பர், தம்பி. வர்றேன்னு சொன்னது ஒண்ணாம் நம்பர். உங்க பெரியப்பா பாவம், அவர் வீட்டுல அவர் நிம்மதியா இருக்கார்."

மகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அது துக்க அழுகை இல்லை என்பது மாப்பிள்ளைக்கே புரிந்தது. அந்த ஒரு நிமிஷம் அறையில் பயம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

அப்பாவைச் சுற்றி வந்த துப்பாக்கி வியாபாரி யாராவது உண்டா என்று அத்தை கேட்டதற்கு அவள் ஏலக்கடைக்காரர் ஒருவரைச் சொன்னாள். தம்பியை விற்கச் சொல்லி அவர் வாசலை விட்டுப் போகாமல் நச்சரித்தாராம். ஒற்றையாக இருந்தால் ஒரு விலை, ஜோடி சேர்ந்தால் அதற்குப் பல மடங்கு விலையாம்.

காரில் ஏறியதும் மாப்பிள்ளை சொன்னான்: "ஏலக்கடைக்குத்தானே அத்தை?"

"ரிப்பேர்க் கடைக்கு. அண்ணனை எடுத்துட்டுப் போனவன்கிட்ட தம்பியோட கட்டை இருக்கு. சரியா உட்காராது. உட்காரலைன்னா துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போது ஒரு பக்கத்து விசை ஏறாது, அந்தக் குழல் சுடாது. யாராவது அதை சரி பண்ணியாகணும். பண்ணத் தெரிஞ்சவர் ஊர்ல ஒருத்தர்தான்."

பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். பகல் நேரம்தான், ஆனாலும் பட்டறையின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

"நீங்க முதல்ல போங்க மாப்பிள்ளை."

குனிந்தான்.

உள்ளே எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை. சுவர் முழுக்க அரங்கள் அளவு வாரியாகத் தொங்கின. நடுவில் நீளமான மரமேஜை, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பெரிய வைஸ். அதற்குப் பின்னால் ரிப்பேர்க்காரர் இரண்டு கையையும் மேஜைமேல் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதுகுப் பக்கம் ஒரு பலகைத் தடுப்பு, அதில் அழுக்குத் திரை. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

அத்தை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நாலாயிரத்து நூத்தி ஐம்பத்தொண்ணு. ஜோடியில் ஒன்று. யாராவது கொண்டுவந்தார்களா?

"இல்லம்மா."

"ஏலக்கடைக்காரர் வந்தாரா?"

"யாரும் வரலை."

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை. வியாபாரம் நடக்கும் இடத்தில் இப்படி ஒரு வரவேற்பை மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. "இவர் போஸ்ட் ஆபீஸ்ல இருந்திருக்க வேண்டியவர்" என்று சொல்ல வாயெடுத்தான். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

அத்தை சாவகாசமாக வைஸ் பக்கம் நடந்தார். குனிந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். நிமிர்ந்து, ஏதோ பொழுது போகாமல் கேட்பது போலக் கேட்டார்: "எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கம்பெனி எந்த நம்பர்ல ஆரம்பிச்சாங்க?"

ரிப்பேர்க்காரர் அவரை நேராகப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

"ஒண்ணுலதாம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா போட்டாங்க."

மாப்பிள்ளைக்குத் தலையில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. மூவாயிரத்தில் ஆரம்பித்தார்கள் என்று கேப்டனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ஆள்தான். இவர் வாயிலிருந்து இந்தத் தப்பு தவறி விழாது. தெரிந்தே சொல்கிறார். நான் சொல்வது எதுவுமே உண்மை இல்லை, என்னைச் சொல்ல வைக்கிறார்கள் என்று சொல்கிறார்.

திரை லேசாக அசைந்தது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம்.

"ஓகோ" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, என் கண்ணாடியைக் கார்ல விட்டுட்டேன். தப்பா நினைக்காம எடுத்துட்டு வர்றீங்களா?"

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

மாப்பிள்ளை அந்தக் கண்ணாடியைப் பார்த்தான். "சரி அத்தை" என்றான். தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஷட்டருக்கு அடியில் குனியும்போது முதுகில் ஓர் இடம் குறுகுறுத்தது. குண்டு அங்கேதான் பாயப்போகிறது என்று முதுகே முடிவு பண்ணிவிட்டது போல.

பாயவில்லை. கார் வரைக்கும் நடந்தான். ஓடக் கூடாது என்று காலிடம் கெஞ்சினான். கார்க் கதவின் மறைவில் குந்தி உட்கார்ந்து, கேப்டன் கேஸைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டான். இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாவது தடவை கிடைத்தது. இதோ கிளம்பிவிட்டோம், நீங்கள் வெளியிலேயே இருங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியிலேயே இருக்கலாம். போலீஸே சொல்லிவிட்டது. யாரும் குறை சொல்ல முடியாது.

சந்தில் ஒரு பூனைகூட இல்லை. பட்டறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி, முழங்கால் வலி, கையில் ஒரு பூதக்கண்ணாடி. "சீ" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தான். காலிக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஷட்டருக்கு அடியில் குனிந்தான்.

திரை விலகியிருந்தது. பின்னால் ஒளிந்திருந்த ஆள் வெளியே வந்திருந்தார். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலின் மேல் தங்கத்தில் '1'.

அது ஏலக்கடைக்காரர் இல்லை. காலையில் அவனுக்காக மின்விசிறியைத் திருப்பி வைத்தவர். பல் டாக்டரின் கணவர்.

"நீயும் வா" என்றார் அவர். காலையில் இருந்த 'நீங்க' காணாமல் போயிருந்தது. "சுவர் ஓரமா நில்லு."

நின்றான். குழல்கள் இரண்டும் அவனையே பார்த்தன. இவ்வளவு பெரிய ஓட்டைகளா என்று நினைத்தான். தமாஷ் எதுவும் வரவில்லை.

"மாமனார் கொடுத்திருக்கலாம்" என்றார் கணவர். அவர் குரலும் நடுங்கியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஊர் ஊரா அலைஞ்சு இதைத் தேடிப் பிடிச்சேன். ரெண்டையும் சேர்த்து வித்துடலாம்னு கெஞ்சினேன். 'அண்ணனையும் தம்பியையும் சேர்த்து வச்சே, நீ நல்லா இருப்பே'ன்னு ஆசீர்வாதம் பண்றார். விக்க மாட்டாராம். என்னைப் பார்த்துச் சிரிச்சார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"மாட்டினது ஞாபகம் இருக்குமே" என்றார் அத்தை. குரலில் சலனமே இல்லை. "தம்பியோட கட்டையை அண்ணனுக்கு மாட்டிட்டீங்க. விசை ஏறலை. அதுக்காகத்தானே இங்க கொண்டு வந்து போட்டீங்க? காலையில நம்பரைப் பத்திப் பேசினதும் அதை எடுத்துட்டுப் போக ஓடி வந்தீங்க. பிரயோஜனம் இல்லை. அது இன்னும் சரியாகலை. ஒரு குழல்தான் சுடும். எது சுடும்னு உங்களுக்கும் தெரியாது. இங்க நாங்க மூணு பேர் இருக்கோம்."

"பொய். சரி பண்ணிட்டேன்னு இவன் சொன்னான்." கணவர் ரிப்பேர்க்காரரைப் பார்த்தார். "சொன்னியா இல்லையா?"

ரிப்பேர்க்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். "சொன்னேன் சார். துப்பாக்கியைக் கண்டதும் பயத்துல சொல்லிட்டேன். கட்டையை இன்னும் நான் தொடவே இல்ல. நீங்களே பாருங்க, இடுக்கு இருக்கும்."

கணவரின் கண் ஒரு கணம் துப்பாக்கியின் மேல் தாழ்ந்தது. துப்பாக்கியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கை என்ன செய்யுமோ அதையே அவர் கையும் செய்தது. கட்டை விரல், குழலைத் திறக்கும் நெம்புகோலைத் தள்ளியது. துப்பாக்கி நடுவில் மடங்கி, குழல்கள் தரையைப் பார்த்துத் தொங்கின.

"மாப்பிள்ளை!"

அந்த ஒரு குரலில் மரியாதையே இல்லை. அவன் பாய்ந்தான். எப்படிப் பாய்ந்தான் என்று பிற்பாடு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் மேஜைமேல் விழுந்தார்கள். அரங்கள் சிதறின. தோட்டா ஒன்று உருண்டு ஓடியது. ரிப்பேர்க்காரர் அடியில் புகுந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். மாப்பிள்ளை கணவரின் முதுகில் ஏறி உட்கார்ந்து, போலீஸ் வந்து இறக்கிவிடும் வரை இறங்கவே இல்லை. வந்த இன்ஸ்பெக்டர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கணவரை வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு வாயும் வந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் அத்தை. ஒரு குழல்தான் சுடும், பாதி துப்பாக்கிக்கு எதுக்குப் பயப்படணும்னுதான் பாய்ஞ்சேன்."

ரிப்பேர்க்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதை நேத்தே ராவி முடிச்சுட்டேன் சார். கட்டை நம்பர் மட்டும் வேறன்னு பார்த்தேன், ஆனா அது கேப்டன் துப்பாக்கிக் கட்டைன்னு தோணலை. ரெண்டு பக்கமும் விசை ஏறும். ரெண்டு குழலும் சுட்டிருக்கும்."

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினான். "அத்தை, உங்களுக்கு இது தெரியாதுதானே?"

அத்தை வைஸுக்குக் கீழே காட்டினார். புதிதாக ராவிய இரும்புத்தூள் பளபளவென்று கிடந்தது.

"குனிஞ்சப்பவே பார்த்தேன். திறந்து பார்ப்பான்னு நினைச்சேன். திறந்திருக்கிற துப்பாக்கி சுடாது."

"அவன் திறக்கலைன்னா?"

"திறந்தான் இல்ல?"

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தை பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தார். ஆறுதலுக்கு என்று முதலில் நினைத்தான். இல்லை, தாங்கலுக்கு. அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை நடுங்கி அவன் பார்த்ததில்லை. தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டான்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் தானே போய் மகளிடம் சொல்வதாகச் சொன்னார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

கேப்டன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கதவு திறந்தது. பல் டாக்டர் முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். அழுது முடித்த பிறகு வரும் ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது.

"பெரியப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். "அழறார். நாளைக்கே வர்றாராம். இவர்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன், போனையே எடுக்க மாட்டேங்கிறார். வழியில எங்கயாவது பார்த்தீங்களா?"

அத்தை வாயைத் திறந்தார். எத்தனையோ பொய்யர்களை ஒரு வார்த்தையில் மடக்கியவருக்கு இந்த ஒரு பெண்ணிடம் சொல்ல உண்மை வரவில்லை.

மாப்பிள்ளை ஒரு படி முன்னால் வந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

"உள்ள போய் உட்காரலாம்மா" என்றான்.